ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

என்னைக் குடிகாரன் என்று இதுவரை எந்த மன்றத்திலும் எவரும் நிரூபித்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தோழர். தோழர் என்று கூப்பிடுவதில் ஆட்சேபணை இல்லையே? நான் யாரையும் சார் என்று அழைப்பதில்லை. மில் மேனேஜரையே அழைத்ததில்லை. அதனால்தான் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பதவி உயர்வும் வரவில்லை என்று என் மனைவி சொல்வாள். அது அவளுடைய கருத்து.

டிரைவரும் கண்டக்டரும் இறங்கிப் போய்விட்டார்கள், பார்த்தீர்களா? இந்த நிறுத்தத்தில் எப்போதும் இருபது நிமிடம். கால அட்டவணையில் ஐந்து நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறது. இதைப் பற்றி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும். நீங்கள் விளாத்திகுளம்தானே? நானும் அங்கேதான் போகிறேன், மகள் வீட்டுக்கு. வாலண்டினா என்று பெயர். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரைத் தேடி வைத்தேன். இவள் விளாத்திகுளத்துக்குப் போனாள். கூட்டுறவு வங்கியில் வேலை.

என் மனைவி சண்முகக்கனி பதினான்கு மாதமாக அங்கேதான் இருக்கிறாள். பிரிந்து போய்விட்டாள் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். நான் அதைச் சட்டவிரோதக் கதவடைப்பு என்று சொல்வேன். கதவடைப்பு என்றால் பதினான்கு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டும். எதுவும் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கத்தின் கிளைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறேன், மிக்ஸி இல்லை, தையல் மெஷின் இல்லை, அவளும் இல்லை. அன்று கிளைக் கூட்டமே நடக்கவில்லை என்று அவள் பிற்பாடு சொன்னாள். நடக்கவில்லைதான். கோரம் இல்லை, வந்த தலைகள் போதவில்லை. கோரம் சேரட்டும் என்று நான் காத்திருந்தேன். எங்கே காத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

நான் குடித்ததே இல்லை என்று சொல்லவில்லை, தோழர். உண்மையை மறைக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது. பேச்சாளனுக்குத் தொண்டை ஓர் ஆயுதம். அதை நனைத்து வைக்க வேண்டும். எங்கள் பேட்டையில் மதுக்கடையை மூடு என்று ஏழு நாள் தொடர் முழக்கப் போராட்டம் நடத்தினோம். தலைமை நான். ஏழு நாளும் தொண்டையை நனைத்துக்கொண்டுதான் பேசினேன். எங்கே கிடைத்தது என்று கேட்கிறீர்களா? கடைதான் எதிரிலேயே இருக்கிறதே! ஏழாம் நாள் இரண்டு தோழர்கள் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிற படம் பத்திரிகையில் வந்தது. ‘உணர்ச்சிப் பெருக்கில் மயங்கிய தலைவர்’ என்று கீழே போட்டிருந்தார்கள். சண்முகக்கனி அந்தப் படத்தைப் பார்த்தாள். கத்தரித்து வைக்கவில்லை.

சரி, அவள் போன மறுநாள் மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மாகிட்ட குடு."

"பேசமாட்டாங்கப்பா."

"அவ கோரிக்கை என்ன? எழுத்துப்பூர்வமா தரச் சொல்லு."

"ஒரே கோரிக்கைதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கு. முப்பது நாள். நீங்க சேர்ந்தா அம்மா வந்து பார்ப்பாங்க. சேரலேன்னா இனிமே உங்க முகத்துலயே முழிக்கப் போறதில்லன்னு சொல்லிட்டாங்க."

"இது மிரட்டல்."

"ஆமாப்பா" என்று வைத்துவிட்டாள். என் மகள்தான்!

ஐந்து வாரம் தாக்குப்பிடித்தேன். எண்பத்து மூன்றில் மில் வேலை நிறுத்தம் நடந்தபோது எழுபத்தொரு நாள் தாக்குப்பிடித்தவன் நான். ஆனால் அந்த எழுபத்தொரு நாளும் யாரோ சமைத்துப் போட்டார்கள். அது யார் என்று அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது நானே சோறு வடிக்கப் பார்த்தேன். கஞ்சி வந்தது. கஞ்சிக்கு முயன்றபோது சோறு வந்தது. ஆறாவது வாரம் மையத்தில் சேர்ந்தேன். நோயாளியாக அல்ல, பார்வையாளனாக. அரசு ஒரு கையால் ஊற்றிக் கொடுத்து மறு கையால் துடைத்து விடுகிற இந்த ஏற்பாட்டை உள்ளே இருந்து ஆராய்ந்து ஒரு பிரசுரம் எழுதுவது என்று திட்டம்.

வாசலிலேயே தகராறு. ஆலோசகர் ஜெபராணி என்று ஓர் அம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு படிவத்தை நீட்டினார். ‘மதுப்பழக்கத்துக்கு அடிமையான நான்’ என்று தொடங்குகிறது. அடிமை! ‘இனி ஒழுங்காக நடப்பேன்’ என்று மில் நிர்வாகம் ஒரு பத்திரம் நீட்டியபோது கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்தவன் நான். போட்டவன் எல்லாம் இன்று பென்ஷன் வாங்குகிறான். பேனாவை வாங்கினேன். ‘அடிமையான’ என்பதை அடித்துவிட்டு ‘தோழமை நிமித்தம் அவ்வப்போது அருந்துகிற’ என்று திருத்தினேன். கீழே ‘எதிர்ப்புடன் கையொப்பமிடுகிறேன், கே. தனுஷ்கோடி’ என்று எழுதினேன். ஜெபராணி முழுவதையும் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு ஐயா" என்று சொல்லிக் கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் சுற்றிலேயே நிர்வாகம் பணிந்துவிட்டது.

முதல் நான்கு நாள் உண்ணாவிரதம். அறிவித்துத் தொடங்கியது அல்ல. எது உள்ளே போனாலும் வெளியே வந்ததால் தானாகவே தொடங்கிவிட்டது. உடம்பு முழுக்க நடுக்கம். சுவரில் எறும்பு ஊர்வலமாகப் போனது. எறும்பே இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஐந்தாம் நாள் காலையில் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு தம்ளர் கஞ்சியோடு வந்து என் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

"குடியும் அண்ணாச்சி. இது உள்ள நிக்கும். எனக்கும் அஞ்சாம் நாள்தான் நின்னுச்சு."

சுடலைமுத்து, லாரி டிரைவர். முறைப்படி உண்ணாவிரதத்தை முடித்து வைத்தவர் அவர்தான். அவருக்கு அடுத்த கட்டில் ஆல்பர்ட் வாத்தியார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அந்த வாத்தியாரை அவருடைய மாணவர்களே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருந்தார்கள். அதில் ஒருவர் இன்ஸ்பெக்டர். "ஜீப்புல ஏத்தும்போது ‘குட் மார்னிங் சார்’னு சொன்னான்" என்று வாத்தியார் அடிக்கடி சொல்வார்.

ஆறாம் நாள் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். தனிக் கவுன்சலிங் என்றார்கள். நானும் ஜெபராணியும் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு.

தோழர், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தொழிற்சங்கத்தில் ஒரு விதி உண்டு. நிர்வாகத்தின் அறைக்குள் எவனும் தனியாகப் போகக்கூடாது. போகிறவன் என்ன பேசினான், என்ன வாங்கினான் என்று யாருக்குத் தெரியும்? தனியாகப் போனவன் கருங்காலி. நாற்பது வருடமாக நான் எந்த அதிகாரியின் அறைக்குள்ளும் இரண்டு பேர் இல்லாமல் நுழைந்ததில்லை. பல் பிடுங்கப் போனபோதுகூடக் கிளைப் பொருளாளரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

ஆகவே குழு அமைத்தேன். நான், சுடலைமுத்து, ஆல்பர்ட் வாத்தியார். வாத்தியாருக்குக் குறிப்பெடுக்கும் பொறுப்பு. மூவரும் போய் நின்றோம். ஜெபராணி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டு நாற்காலிதான் இருக்கு. பாய் விரிச்சு உக்காந்துக்கலாமா?" என்றார்.

இரண்டாம் வெற்றி.

"கடைசியா எப்போ குடிச்சீங்க ஐயா?"

"குழு கலந்தாலோசித்துப் பதில் தரும்" என்றேன். மூவரும் தாழ்வாரத்துக்கு வந்தோம்.

"அண்ணாச்சி, அந்தம்மா உம்மளைல்லா கேக்காங்க. நீரு எப்ப குடிச்சீருன்னு நாங்க என்னத்தைக் கலந்து பேச?" என்றார் சுடலைமுத்து. அமைப்பு அனுபவம் இல்லாதவர்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். நான் மதுக் கொள்கையின் வரலாற்றை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடங்கினேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, சுடலைமுத்து தன் கதையை எடுத்துவிட்டார். லாரியை ஓரங்கட்டாமல் தூங்கிவிட்டாராம். கண்ணைத் திறந்தால் ஒரு டீக்கடையின் பெஞ்சு பானட்டின்மேல் கிடந்ததாம். பெஞ்சில் இரண்டு நிமிடம் முன்புவரை நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அந்த நாலு பேர் முகமும் இப்போதும் வருகிறது என்று அழ ஆரம்பித்துவிட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள் என்று நான் குறுக்கிட்டேன். ஒருவரும் மதிக்கவில்லை. வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டு அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

எழுதியும் பயனில்லை. முதல் வாரக் குறிப்பு நோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். வாத்தியாருக்குக் கை நடுக்கம். நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம் பாதி படிக்கலாம். மூன்றாம் வாரம் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த நோட்டை நானே வைத்திருக்கிறேன்.

இப்படியே தினமும் நடந்தது. மூவரும் போவோம், ஒருவர் பேசுவார், இருவர் கேட்போம். எங்களைப் பார்த்து மற்ற கட்டில்காரர்களும் மூன்று மூன்று பேராகக் குழு அமைத்தார்கள். ஒரே வாரத்தில் மையம் முழுவதையும் அமைப்பாகத் திரட்டிவிட்டேன். ஜெபராணி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார் என்று பார்த்தால் சிரித்துக்கொண்டே நடமாடினார். தோல்வியைக் காட்டிக்கொள்ளாத நிர்வாகங்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு குடும்பத்தார் வந்து பார்க்கிற நாள். சண்முகக்கனி வந்தாள். வாலண்டினா வெளியில் ஆட்டோவிலேயே இருந்துகொண்டாள். நான் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தேன். பேச்சுவார்த்தை அறையில் பாய் விரித்து, குழுவோடு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவள் வாசலிலேயே நின்றாள். "தனியாப் பேசணும்."

"குழு இருக்கும். இது விதி."

அவள் சுடலைமுத்துவைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் எழுந்து வணக்கம் சொன்னார்.

"இருக்கட்டும். இவங்களும் கேக்கட்டும்" என்று உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவர்களிடம்தான் பேசினாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதற்கு முன்பு பேசியிருக்கலாம்.

"எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சுங்க. நாலு வருசம் இருக்கும். மறுநாள் இவர்ட்ட ஃபிளாஸ்க்கைக் குடுத்துப் பால் வாங்கிட்டு வரச் சொன்னேன். மூணாம் நாள் வந்தார். ஃபிளாஸ்க் இல்ல. எங்கன்னு கேட்டா, மறியல்ல கைதாயிட்டேன், ஃபிளாஸ்க்கைப் போலீஸ்காரன் உடைச்சிட்டான்னார். நான் நம்பினேன். அவர் வராத அந்த ரெண்டு நாளும்கூட எனக்கு வேற எதுவும் தோணல. வார்டு பூராச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் ஊருக்காகக் கைதாயிருப்பாருன்னு. பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா. அவங்களுக்கு வர்ற கஞ்சியில பாதிய எனக்கு ஊத்துனாங்க. ‘பெரிய மனுசன் பொண்டாட்டி நீ, பட்டினி கிடக்கப்படாது’ன்னு சொல்லி ஊத்துனாங்க. நான் பெருமையா வாங்கிக் குடிச்சேன்."

சுடலைமுத்து என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் முந்தி இவர் சிறைக் குறிப்புன்னு ஒரு புத்தகம் போட்டார். அச்சாபீஸ்ல மடிச்சுக் குடுத்ததை நான்தான் ராவா பகலா தைச்சேன். நூறு பிரதி. தைக்கும்போது படிச்சேன். கைதான தேதின்னு பதினோரு தேதி போட்டிருந்தார். பால் வாங்கப் போன அந்தத் தேதி அதுல இல்ல. தைச்சு முடிச்சு அடுக்கி வச்சிட்டுத்தான் மிக்ஸியை எடுத்தேன்."

தோழர், புத்தகத்தில் நான் பொய் எழுதுவதில்லை. அது என் பலவீனம். வீட்டில் சொல்வது வேறு, அச்சில் போடுவது வேறு. அச்சில் வந்தால் அது ஆவணம்.

அந்த இரண்டு நாள் எங்கே இருந்தேன்? பால் வாங்கத்தான் போனேன். உண்மையாகவே பால் வாங்கத்தான் போனேன். வழியில் கடை இருந்தது. ஃபிளாஸ்க்கை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. போலீஸ்காரர்மேல் போட்ட பழி மட்டும் நினைவிருக்கிறது. அந்தத் துறைமீது எனக்கு எத்தனையோ நியாயமான புகார்கள் உண்டு. இந்த ஒன்று பொய்.

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எழுந்தேன். "கைது எல்லாம் உண்மை. தேதியில்தான் பிழை" என்றேன்.

"உக்காரும் அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. நான் திரட்டிய ஆள்! பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒரு தீர்மானம் கொண்டாறேன். இவரு இனிமே ஒரு சொட்டுத் தொடப்படாது. ஆறு மாசம் பாப்போம். அப்புறம் அக்கா என்ன சொல்லுதாவளோ அது" என்றார்.

"வழிமொழிகிறேன்" என்றார் வாத்தியார். எழுதவும் தொடங்கிவிட்டார்.

‘மே தினம் நீங்கலாக’ என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். வழிமொழிய ஆளில்லாமல் விழுந்தது. வாக்கெடுப்பு. இரண்டு கை தூக்கியாயிற்று. என் கை தொடையில் இருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு சண்டை போட்டாலும் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் எதிர்த்தவர்களும் கையைத் தூக்கிவிட வேண்டும். ‘பெரும்பான்மை’ என்று பதிவானால் நிர்வாகம் பிளவைக் கண்டுபிடித்துவிடும். ‘ஏகமனதாக’ என்றுதான் வெளியே போக வேண்டும். நாற்பது வருடம் மற்றவர்களைத் தூக்க வைத்திருக்கிறேன். தூக்க மறுத்த இரண்டு பேரைச் சங்கத்தை விட்டே நீக்கியிருக்கிறேன்.

வாத்தியார் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். "என்னன்னு எழுத?" என்றார்.

தூக்கினேன், தோழர். சண்முகக்கனி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கை ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம், அது ஆடியிருக்கக்கூடாது.

ஆகவே இப்போது புரிந்திருக்கும். நான் குடிப்பதில்லை. எனக்கு ஏதோ நோய் என்பதால் அல்ல. ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்துக்குத் தலைமையே கட்டுப்படாவிட்டால் அமைப்பு என்ன ஆகும்? மையத்தை விட்டு வரும்போது ஜெபராணி, "உங்க முறை நல்லா இருக்கு ஐயா, அடுத்து வர்றவங்களுக்கும் இப்படியே வைக்கப் போறேன்" என்றார். நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகத் தரவில்லை. வாய்மொழி ஒப்புதல்தான்.

குழு கலையவில்லை. வியாழக்கிழமைதோறும் வாத்தியார் வீட்டில் கூடுகிறோம். சுடலைமுத்து எந்த ஊர் ரோட்டில் இருந்தாலும் தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் வரும். "அண்ணாச்சி?" என்பார். "இல்லை" என்பேன். "நானும் இல்ல" என்பார். வைத்துவிடுவார். ஒரு நாள் ஆறரை வரை வரவில்லை. நானும் வாத்தியாரும் வாடகைக் கார் பிடித்து அவர் நின்றிருந்த சாத்தூர் வரை போய்விட்டோம். டயர் பஞ்சர். போனில் சார்ஜ் இல்லை. எங்களைப் பார்த்து அவர் திட்டிய திட்டை வாத்தியார் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. பன்னிரண்டு பக்க அமலாக்க அறிக்கையோடு விளாத்திகுளம் போனேன். அவள் படிக்கவில்லை. என் அருகில் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "எனக்கு எப்போ தோணுதோ அப்போ வாரேன்" என்றாள். காலக்கெடு இல்லாத ஒத்திவைப்பு! மில் நிர்வாகம் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் கேட்டையே பெயர்த்திருப்பேன். "சரி" என்றேன். இடைக்கால நிவாரணமாக ஞாயிறு மதியச் சாப்பாட்டை வென்றெடுத்தோம். ஒரு மணிக்கு. அதற்கு முன் வரக்கூடாது, பின்னும் வரக்கூடாது. ஐந்து மாதமாக நடக்கிறது. போன வாரம் கறிக்குழம்பிலிருந்து எலும்பைத் தனியாக எடுத்து என் தட்டில் வைத்தாள். அதை எப்படிப் பொருள்கொள்வது என்று வியாழக்கிழமை கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். முடிவு எட்டப்படவில்லை.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? டீயா? உட்காருங்கள் தோழர். டீ நன்றாக இருக்காது. ஆறிப்போயிருக்கும். விளாத்திகுளத்தில் நான் வாங்கித் தருகிறேன். கொஞ்சம் உட்காருங்கள்.

சரி, சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் பாருங்கள். நான் பார்க்கவில்லை, நீங்களே பாருங்கள். டீக்கடை, அடுத்தது செருப்புக் கடை, அதற்கடுத்தது பச்சைப் பலகை. பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். இப்போது பன்னிரண்டு ஆறு. இதற்கு முந்தின வண்டியில் போனால் பதினொன்றரைக்கே அவள் வாசலில் நிற்பேன், திருப்பி அனுப்பிவிடுவாள். அடுத்த வண்டியில் போனால் ஒன்றரை. இந்த வண்டிதான் எனக்கு. நீங்கள் இறங்கினால் நானும் உங்கள் பின்னால் இறங்குவேன். டீக்கடை வரைக்கும் உங்களோடு வருவேன், அதற்கு உத்தரவாதம் தருகிறேன். அதற்கு அந்தப் பக்கம் தர முடியாது. பால் வாங்கப் போனவன் நான்.

ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இந்த இருக்கையில் யாராவது ஒருவர் இருந்திருக்கிறார். போன வாரம் ஒரு முட்டை வியாபாரி. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதோ, டிரைவர் வருகிறார். பல் குத்திக்கொண்டு வருகிறார் பாருங்கள், அவசரமே இல்லை. ஏறிவிட்டார். ஸ்டார்ட் செய்கிறார். கண்டக்டர் எங்கே? சரி, அவரும் ஏறிவிட்டார்.

நகர்ந்துவிட்டது. இனி விளாத்திகுளம் வரை இந்த வண்டி எங்கும் நிற்காது. நன்றி தோழர். நீங்கள் தூங்குவதானால் தூங்கலாம்.